மிருகத்தின் எண்ணும் கிழிந்த தாளும்

அன்புள்ள எஸ்தர்,

வெளிப்படுத்தின விசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு மிருகத்தின் எண்ணாக வரும் 666, கடைச் சாமான்களில் அச்சிடும் பார்கோடைத்தான் குறிக்கிறது என்று ஒரு காணொளி சொல்வதாகவும், உங்கள் வாலிபர் கூட்டத்தில் பாதிப் பேர் அதை நம்பிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். இதற்கு முன் அந்த எண்ணைப் போப்பாண்டவர் மேல், மார்ட்டின் லூதர் மேல், நெப்போலியன் மேல் எல்லாம் ஒட்டிப் பார்த்தாகிவிட்டது. இப்போது பார்கோடின் முறை, அவ்வளவுதான். பல்கலைக்கழகங்களில் இந்நூலை ஆராய்கிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு. கி.பி. முதல் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரை ஊர்களில், ஒருவர் இதைச் சத்தமாக வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அந்த எண் யாரை நினைவூட்டியிருக்கும்?

எபிரெயத்தில் எழுத்துகளையே எண்களாகவும் எழுதினார்கள். அதனால் எந்தப் பெயரையும் கூட்டி ஒரு தொகையாக்கலாம். ‘நெரோன் கேசர்’ என்று கிரேக்கர்கள் சொன்ன விதத்தில் ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிப் பார். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, மறுபடியும் நூன் 50. அடுத்த சொல்லில் கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டினால் 666.

கொஞ்சம் வளைத்தால் எந்தப் பெயரும் எந்த எண்ணுக்கும் பொருந்துமே என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே இன்னொரு சாட்சி இருக்கிறது. கி.பி. 180 வாக்கில் எழுதிய ஐரேனியு என்ற ஆயர், சில பிரதிகளில் அந்த எண் 616 என்று இருப்பதைக் குறிப்பிட்டு, அது தவறு என்று கண்டிக்கிறார். எகிப்தின் ஒக்சிரிங்கஸ் ஊர்க் குப்பைமேட்டில் தோண்டியெடுத்த பாப்பிரஸ் தாள்களில் ஒன்று 1999-இல் பதிப்பாகியது. வெளிப்படுத்தின விசேஷத்தின் மிகப் பழைய பிரதிகளில் அதுவும் ஒன்று. அதில் 616 என்றே இருக்கிறது. இப்போது ‘நெரோன்’ என்பதை லத்தீன் வழக்கப்படி ‘நெரோ’ என்று மாற்று. கடைசி நூன் விழுகிறது, 50 குறைகிறது, மீதி 616. ஒரே ஆளின் பெயர் இரண்டு உச்சரிப்பில் இரண்டு பிரதிகளின் எண்ணையும் தந்துவிடுகிறது. எந்தப் பார்கோடாலும் இதைச் செய்ய முடியாது.

நீரோ 68-இலேயே இறந்துவிட்டான். நூலோ, ஐரேனியு சொல்வதை ஏற்கும் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்குப்படி, பேரரசன் தொமித்தியான் ஆட்சியின் இறுதியில், 95-ஐ ஒட்டி எழுதப்பட்டது. செத்தவனைப் பற்றி இவ்வளவு பயம் எதற்கு? நீரோ சாகவில்லை, கிழக்கே ஒளிந்திருக்கிறான், படையோடு திரும்புவான் என்ற வதந்தி பல ஆண்டுகள் உலவியது. நானே நீரோ என்று சொல்லிக்கொண்டு போலிகள் கிளம்பியதை ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதிவைத்திருக்கிறார். மிருகத்தின் தலைகளில் ஒன்று சாவுக்கேதுவான காயம் பட்டு மறுபடி ஆறியது என்று நூலை எழுதிய யோவான் சொல்லும்போது, எபேசு நகரத்தில் கேட்டவருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. அந்த எபேசுவில்தான் 89/90-இல் பேரரசர் குடும்பத்துக்கென்று ஒரு கோயிலே திறந்திருந்தார்கள். பெர்கமுவில் அகஸ்துவுக்கும் ரோமுக்குமான கோயில் அதற்கும் ஒரு நூற்றாண்டு மூத்தது. கையில் புழங்கிய காசிலும் பேரரசனின் முகம். மிருகத்தின் முத்திரை இல்லாமல் கொள்ளவும் விற்கவும் முடியாது என்ற வரி எந்தச் சந்தையில் பிறந்தது என்று இப்போது உனக்குப் புரியும்.

அதே நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில், ‘பாபிலோன்’ விழுந்ததற்காக வணிகர்கள் அழுகிறார்கள். ஏழு மலைகள்மேல் அமர்ந்த அந்த நகரம் ரோம்தான். எருசலேம் ஆலயத்தை முன்பு பாபிலோன் இடித்தது, 70-இல் ரோம் இடித்தது, அதனால் பழைய பெயர் புதிய ஊருக்கு வந்தது. இனி வாங்க ஆளில்லாத சரக்குகளை யோவான் வரிசையாகப் பட்டியலிடுகிறார். பொன், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை என்று போய் கடைசியில் மனித உயிர்களில் முடிகிறது. ரிச்சர்ட் பாக்கம் என்ற ஆங்கிலேய அறிஞர், இந்தப் பட்டியலை ரோமின் இறக்குமதி வணிகத்தோடு பொருத்தி விரிவாக எழுதியிருக்கிறார். நம் பக்கத்துக்கு இதில் ஒரு பங்குண்டு. அதே முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற் பயணக் குறிப்பு’, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. யோவானின் பட்டியலில் முத்து தொடக்கத்தை ஒட்டியும் அடிமைகள் கடைசியிலும் இருப்பதைப் படிக்கும்போது இந்தக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

எதிர்காலம் சொல்ல வந்த நூலில் நிகழ்காலம் இவ்வளவு நிறைந்திருப்பது யோவானோடு தொடங்கியதல்ல. அவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தானியேலில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

கதைப்படி தானியேல், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறைபோன யூதர். பதினோராம் அதிகாரத்தில் ஒரு தூதன் அவருக்கு வரப்போகும் அரசர்களைச் சொல்கிறான். வடதிசை ராஜா, தென்திசை ராஜா, அவர்களுக்குள் பெண் கொடுத்தல், படையெடுப்பு, துரோகம் என்று பெயர் இல்லாமல் ஓடும் அந்த அதிகாரத்தை, சிரியாவை ஆண்ட செலூக்கியர், எகிப்தை ஆண்ட தாலமியர் வரலாற்றோடு பக்கத்தில் வைத்தால் வரிக்கு வரி பொருந்தும். கித்தீமிலிருந்து கப்பல்கள் வந்து ராஜாவைத் திருப்பி அனுப்பும் இடம் ஒன்று வருகிறது. அது கி.மு. 168-இல் நடந்தது. அந்தியோக்கு எப்பிபானெஸ் என்ற செலூக்கிய அரசன் எகிப்தைப் பிடிக்கப்போகும் நேரத்தில், அலெக்சாந்திரியாவுக்கு வெளியே ரோமின் தூதர் பொபிலியு லேனாஸ் அவனை மறித்தார். கைத்தடியால் அவனைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் போட்டு, இதைத் தாண்டுவதற்கு முன் பதில் சொல் என்றார். பேரரசன் பின்வாங்கினான். அடுத்த ஆண்டு, 167-இல், எருசலேம் ஆலயத்தில் அந்நியப் பலிபீடம் ஏறியது. யூதரின் நியாயப்பிரமாணமே குற்றமானது. தானியேல் இதையும் சொல்கிறது.

அதற்குப் பிறகு திடீரென்று பிசகுகிறது. அந்தியோக்கு மறுபடியும் எகிப்தை வெல்வான், கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரமடித்து அங்கே முடிவான் என்கிறது நூல். அவன் 164-இல் இறந்தது பெர்சியாவில். அதுவரை வரலாற்றைத் துல்லியமாகச் சொன்ன குரல், கடைசி மூன்றாண்டில் தவறுகிறது என்றால், எழுதியவர் அந்த மூன்றாண்டின் வாசலில் நின்றிருக்கிறார் என்று பொருள். அவர் எழுதிய காலம் 167-க்கும் 164-க்கும் இடையே.

இதை முதலில் சொன்னவர் நவீனப் பேராசிரியர் யாருமில்லை. மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவவாதி போர்பிரி சொன்னார், கிறிஸ்தவத்தைத் தாக்குவதற்காக. அவருடைய நூலை எரித்துவிட்டார்கள். ஆனால் 407-இல் திருச்சபை அறிஞர் ஜெரோம் தானியேலுக்கு உரை எழுதியபோது போர்பிரியை மறுக்க வேண்டியிருந்தது. மறுப்பதற்காக எடுத்துக்காட்டியே அவர் வாதத்தை நமக்குப் பத்திரப்படுத்திவிட்டார். எதிரியை நேர்மையாக மேற்கோள் காட்டும் வழக்கத்துக்கு வரலாறு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது!

நடந்ததை இனி நடக்கப்போவதாக எழுதும் முறை உலகில் அந்த மூலைக்கு மட்டும் உரியதில்லை. விஷ்ணு புராணத்தில் கலியுக அரசர்கள் வம்சம் வம்சமாக எதிர்காலத்திலேயே வருவார்கள். அந்தப் பட்டியல் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் புராணங்களின் காலத்தைக் கணித்து பார்ஜிட்டர் என்ற ஆய்வாளர் 1913-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

இப்படிப் பழைய ஞானியின் பெயரில் எழுதுவதைப் பொய்யென்று எடுத்துக்கொள்ளாதே. ஒடுக்கப்பட்டவனுக்கு, அவன் படும் பாடு முன்பே தெய்வத்தின் கணக்கில் எழுதப்பட்டது, அதற்கொரு முடிவுநாள் உண்டு என்று சொல்ல அந்த வடிவம் வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் இவ்வகை நூல்களை ‘வெளிப்பாட்டு இலக்கியம்’ என்று ஒரு தனி வகையாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜான் காலின்ஸ் தலைமையில் ஒரு குழு 1979-இல் அதற்கு வகுத்த இலக்கணம் இன்றும் பாடவகுப்புகளில் புழங்குகிறது: கதைச் சட்டகம் வேண்டும், மறுவுலகத்தைச் சேர்ந்த ஒருவர் மனிதருக்கு ஒரு ரகசியத்தை விளக்க வேண்டும், அந்த ரகசியம் காலத்தின் முடிவையும் கண்ணுக்குத் தெரியாத உலகத்தையும் தொட வேண்டும்.

வேதாகமத்துக்குள் அடங்காத வெளிப்பாட்டு நூல்களும் பல உண்டு. அவற்றில் மூத்தது ஏனோக்கின் நூல். ஆதியாகமத்தில் ஏனோக்குக்கு நாலைந்து வசனம்தான். 365 ஆண்டு வாழ்ந்து, தேவனோடு நடந்து, காணாமற்போனவர். அந்த இடைவெளியில் ஒரு நூலகமே முளைத்தது. இருநூறு தேவதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி மனிதப் பெண்களை மணப்பதும், அவர்கள் பெற்ற இராட்சதர்கள் ஊரின் விளைச்சலையெல்லாம் தின்றுவிட்டு மனிதரைத் தின்னத் தொடங்குவதும் அதில் வரும். அலெக்சாந்தருக்குப் பின் அவன் தளபதிகள் தங்களுக்குள் மோதி நாடுகளைத் தின்ற கதையே இராட்சதர் கதையாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் ஜார்ஜ் நிக்கல்ஸ்பர்க்கின் ஊகம். நிரூபணம் கிடையாது, ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம்.

புதிய ஏற்பாட்டில் யூதாவின் நிருபம் ஏனோக்கை மேற்கோள் காட்டுகிறது. ஆதித் திருச்சபை எழுத்தாளர்களில் தெர்த்துல்லியன் அந்நூலுக்காக வாதாடினார், அகுஸ்தீன் தள்ளினார். மேற்கே அது மறைந்தது. எத்தியோப்பியத் திருச்சபை மட்டும் தன் வேதாகமத்துக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றியது. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1773-இல் கெயெஸ் மொழியிலிருந்த மூன்று பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ரிச்சர்ட் லாரன்சின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவர 1821 ஆகிவிட்டது.

கைக்குக் கிடைத்தபின்னும் இது கிறிஸ்தவர் எழுதியதா, யூதர் எழுதியதா, எந்த நூற்றாண்டு என்று சண்டை ஓயவில்லை. 1952-இல் சவக்கடல் ஓரம் கும்ரானின் நான்காம் குகையில் ஆயிரக்கணக்கான தோல் துணுக்குகள் கிடைத்தன. அவற்றில் அரமேய மொழியில் பதினொரு ஏனோக்குப் பிரதிகளின் சிதறல்கள். மிகப் பழையது கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். யூசெப் மிலிக் அவற்றை 1976-இல் பதிப்பித்ததும் பாதி வழக்கு முடிந்தது. மீதிப் பாதி, 37 முதல் 71 வரையுள்ள அதிகாரங்கள். ‘மனுஷகுமாரன்’ நியாயாசனத்தில் அமர்வது அங்கேதான் வருகிறது. கும்ரானில் அந்தப் பகுதி மட்டும் ஒரு துணுக்குகூட இல்லை. அது கிறிஸ்தவர்கள் பின்னால் சேர்த்தது என்றார் மிலிக். இன்று பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. இயேசுவின் காலத்தை ஒட்டிய யூத எழுத்து என்கிறார்கள். அது சரியானால், சுவிசேஷங்களில் ‘மனுஷகுமாரன்’ என்ற பட்டத்தைக் கேட்ட மக்கள் சிலருக்கு அது ஏற்கெனவே பழகிய பெயராக இருந்திருக்கும். ஒரு குகையில் ஒரு நூல் இல்லை என்பதை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பதுதான் இங்கே வழக்கு.

உனக்குத் துப்பறியும் கதை பிடிக்கும் என்பதால் இன்னொன்று. ஆலயம் இடிந்து முப்பதாண்டு கழித்து, கி.பி. 100 வாக்கில், எஸ்றாவின் பெயரில் ஒரு யூதர் எழுதிய நூல் இருக்கிறது. நான்காம் எஸ்றா என்பார்கள். தேவனுடைய தூதனோடு எஸ்றா மல்லுக்கு நிற்கிறார்: நாங்கள் பாவிகள் என்றால் எங்களை மிதிக்கும் ரோம் நல்லவனா? தூதன் சொல்லும் பதில்கள் அவருக்குப் போதவில்லை. என் கணக்கில் இவ்வகை நூல்களிலேயே மனிதக் குரல் அதிகம் கேட்பது இதில்தான்.

அதன் எபிரெய மூலம் அழிந்துபோனது. லத்தீன் பிரதிகள் நிறைய உண்டு. ஆனால் சிரியாக், எத்தியோப்பிய மொழிபெயர்ப்புகளில் இருக்கும் எழுபது வசனங்கள் ஏழாம் அதிகாரத்தில் காணோம். பாரிசில் இருந்த, 822-இல் எழுதிய கையெழுத்துப் பிரதியைக் கில்டமைஸ்டர் என்ற ஜெர்மானியர் நுணுகிப் பார்த்தார். சரியாக அந்த இடத்தில் ஒரு தாள் வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. அப்போது தெரிந்திருந்த மற்றப் பிரதிகளெல்லாம் அந்தக் குறைப்பிரதியின் வாரிசுகள்! இறந்தவர்களுக்காகச் செய்யும் வேண்டுதல் நியாயத்தீர்ப்பு நாளில் பலிக்காது என்று அந்தப் பகுதி சொல்வதால் யாரோ ஒருவர் கத்தி வைத்தார் என்பது பலரின் எண்ணம். கேம்பிரிட்ஜின் ராபர்ட் பென்ஸ்லி, பிரான்சின் அமியான் நூலகத்தில் வேறு வழியில் வந்த ஒரு பிரதியைக் கண்டெடுத்து, விட்டுப்போன வசனங்களை 1875-இல் அச்சிட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். தானியேல் பதினோராம் அதிகாரத்தை ஒரு பக்கமும் மக்கபேயர் முதல் நூலின் முதல் அதிகாரத்தை மறுபக்கமும் விரித்துவைத்துப் படி. உங்கள் வீட்டு வேதாகமத்தில் மக்கபேயர் இருக்காது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கும், கேட்டு வாங்கு. பென்சிலால் ஓரத்தில் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டே போ. அது முடிந்ததும் தானியேல் ஏழாம் அதிகாரத்தின் நான்கு மிருகங்களையும் வெளிப்படுத்தின விசேஷம் பதின்மூன்றின் ஒரே மிருகத்தையும் ஒப்பிட்டு, எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. வாலிபர் கூட்டத்திலும் அதைக் காட்டு, பார்கோடுக்காரர்களுக்கும் சேர்த்து.

அன்புடன்,
சித்தப்பா