அப்பாவின் கார், உன் லைசென்ஸ்

அன்புள்ள தேன்மொழிக்கு,

உனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். கூடவே நீ கேட்டதையும் சொன்னாள். டல்லாஸில் இருக்கும் உன் பெரியப்பா மகள் கார் ஓட்டத் தொடங்கியதும் அவர்கள் வீட்டு இன்சூரன்ஸில் அவள் பெயரைச் சேர்த்தார்களாம், பிரீமியம் கிடுகிடுவென்று ஏறிவிட்டதாம். அப்பாவின் பாலிசியிலும் உன் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். மோட்டார் கிளைம் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிக்காரர்கள் காரை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, எத்தனை வருட அனுபவம், முன்பு விபத்து உண்டா என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஓட்ட வந்தால் கட்டணம் ஏறத்தான் செய்யும். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அதற்கென்று தள்ளுபடிகூட அங்கே உண்டு.

நம் ஊரில் கணக்கு வேறு. இங்கே இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். தேர்டு பார்ட்டி கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது, அதுவும் என்ஜின் சி.சி.யை வைத்து. 2022 ஜூனில் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கும் மேலே போனால் 7,897 ரூபாய். ஐம்பது வயது அப்பா ஓட்டினாலும் பதினெட்டு வயது நீ ஓட்டினாலும் அதே தொகைதான்.

அப்படியானால் நீ ஓட்டும்போது பாலிசி செல்லுமா? செல்லும். அப்பாவிடம் பாலிசியின் முதல் பக்கத்தை வாங்கிப் பார். கார் நம்பர், என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாவற்றுக்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘டிரைவர்ஸ் கிளாஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். பாலிசிதாரர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் விபத்து நடந்த நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வைத்திருப்பவரும் ஓட்டலாம் என்றும் அதே பத்தி சொல்கிறது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் மூன்றாம் விதியைக் கடைப்பிடித்திருக்க வேண்டும். அதாவது, லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ வசதியான இடத்தில் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பலகையில் சிவப்பில் ‘எல்’ எழுதியிருக்க வேண்டும். உனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. உன் தோழிகளில் இன்னும் எல்.எல்.ஆரோடு இருப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல். எல்.எல்.ஆர். கையில் இருக்கிறதே என்று தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அன்றைக்கு மோதினால் கம்பெனி கிளைமை மறுக்க அந்த ஒரு காரணம் போதும்.

இதுவரை எல்லாம் உனக்குச் சாதகம். நீ ஓட்டிப் போய் யார் மேலாவது மோதினால் அவர்களுக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி தரும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது. அவர்களுடைய பொருள் சேதத்துக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரை. அப்பா போட்டிருப்பது ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்பதால் நம் காரின் சேதத்துக்கும் பணம் வரும், உன்னோடு வரும் தோழிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் போட்ட காரில் உடன் வருபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மற்றவர்கள் காரில் ஏறும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

இத்தனை பேருக்கும் இடம் உள்ள அந்தப் பாலிசியில் ஒரே ஓர் ஆளுக்கு இடமில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் உனக்கு.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், கவனமாகப் படி. பாலிசியில் ‘பி.ஏ. கவர் ஓனர் டிரைவர்’ (தனிநபர் விபத்துக் காப்பீடு) என்று ஒரு வரி இருக்கும், அதற்கெதிரே 15 லட்சம் என்று போட்டிருக்கும். முன்பு காருக்கு இரண்டு லட்சம், டூ வீலருக்கு ஒரு லட்சம் என்று இருந்ததை 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, காரை ஓட்டுகிறவருக்கு 15 லட்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ, லைசென்ஸ் யாரிடம் இருக்கிறதோ, அந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்தால்தான் அந்தப் பணம். உங்கள் வீட்டில் அது அப்பா மட்டுமே. அந்தப் பிரிவின்படி அப்பா ஓட்டினாலும், வண்டியில் ஏறும்போது இறங்கும்போது அடிபட்டாலும், கோ-டிரைவராக உடன் பயணம் செய்தாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஓட்டுகிற நீ அந்த வரிக்குள் வரமாட்டாய்.

தேர்டு பார்ட்டியில் கேட்கலாமே என்பாய். அதிலும் நீ வரமாட்டாய். 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு எங்கள் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம். கர்நாடகத்தில் ஒருவர், தெரிந்தவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகிறார். நெடுஞ்சாலையில் முன்னால் இரும்புத் தகடு ஏற்றிப் போன மாட்டு வண்டி திடீரென்று நிற்கிறது. இவர் மோதி இறந்துவிடுகிறார். குடும்பத்தார் அந்த மோட்டார் சைக்கிளின் இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்டார்கள். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், உரிமையாளர் தனக்குத் தானே நஷ்டஈடு கொடுக்க முடியாது, ஆகவே குடும்பத்தார் கேட்ட சட்டப் பிரிவின்கீழ் நஷ்டஈடு கேட்க இயலாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்பாவின் காரை ஓட்டும் மகளும் சட்டத்தின் கண்ணில் அதே இடத்தில்தான் நிற்கிறாள். எதிரே வந்த லாரியின் மேல் தப்பு என்றால் அந்த லாரியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். நீயே மீடியனில் மோதினாலோ, குறுக்கே வந்த மாட்டுக்காக ஒடித்துப் புளியமரத்தில் மோதினாலோ கேட்க ஆளில்லை. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நேருவது பெரும்பாலும் இந்த மாதிரிதான் என்பதை மேசைக்கு வரும் காகிதங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அம்மா எதிரே உட்கார்ந்து அந்த 15 லட்சம் என்ற வரியைக் காட்டும்போது, இது உங்கள் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது பார், என் வேலையில் அதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆகவே நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆமாம், உன் பெயரைச் சேர்க்க வேண்டும். பெரியப்பா மகளுக்குச் சேர்த்த இடத்தில் அல்ல, இந்த இடத்தில். கார் பாலிசியிலேயே பெயர் குறிப்பிட்டு ஒருவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்க்க வழி உண்டு. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அப்பாவைக் கேட்கச் சொல். ‘அன்நேம்டு பாசஞ்சர்’ கவர் ஏற்கெனவே இருக்கிறதே என்று ஏஜென்ட் சொன்னால் திருப்திப்பட்டுவிடாதே. அது பயணம் செய்பவர்களுக்கானது. ஓட்டுகிற உனக்கும் அது பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கு.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, உன் பெயரிலேயே தனியாக ஒரு விபத்து பாலிசி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்து 2021 ஏப்ரலிலிருந்து விற்பனையில் உள்ள ‘சரல் சுரக்ஷா பீமா’ இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை கிடைக்கிறது. பதினெட்டு வயது ஆனாலே எடுக்கலாம். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றேதான், கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். காரில் மட்டும் இல்லை, பஸ்ஸில் போனாலும் மாடிப்படியில் விழுந்தாலும் அது உண்டு. அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உன் பேங்க் அக்கவுண்டில் ‘பிரதம மந்திரி சுரக்ஷா பீமா’வுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடு. வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ இரண்டு லட்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் 20 ரூபாய்க்கு இதை விட்டுவிடக் காரணமும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டு ஹெல்த் பாலிசியில் உன் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

இனி, ஏதாவது இடித்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு ஓட்டுநருக்குப் போட்டிருக்கும் கடமை அது. பயந்து ஓடிவிடாதே. பிறகு போலீஸுக்கும் கம்பெனிக்கும் தகவல் சொல். நம்பர் பிளேட் தெரிய நாலு பக்கமும் போட்டோ எடு. சர்வேயர் வந்து பார்க்கும் முன்னால் ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றவிடாதே.

கிளைம் ஃபாரத்தில் ‘விபத்தின்போது ஓட்டியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உன் பெயரையே எழுது. ‘பொண்ணு ஓட்டினாள்னா கிளைம் தரமாட்டான், அப்பா ஓட்டினதா எழுதுங்க’ என்று பக்கத்து வீட்டுக்காரரோ ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசரோ நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லுவார்கள். லைசென்ஸ் உள்ள மகள் ஓட்டியதற்குக் கிளைம் முறைப்படி உண்டு. நியாயமாக வரவேண்டிய பணத்தை அந்த ஒரு பொய்தான் கெடுக்கும். சர்வேயர் காரில் ஏறிப் பார்க்கும்போது டிரைவர் சீட் ஸ்டீயரிங்கை ஒட்டி முன்னால் இழுத்து, உயரத்தைக் கூட்டி வைத்திருக்கும். அப்பாவோ ஆறடி, அந்த சீட்டில் அவருடைய முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பியில் ‘கார் ஓட்டி வந்தபோது’ என்று உன் பெயருக்கு நேராக எழுதியிருப்பார்கள். கடைத்தெரு கேமராவில் நீ இறங்குவது தெரியும். இவ்வளவும் ஒன்றோடொன்று முட்டும்போது கம்பெனி கிளைமை மறுக்கும். வழக்கு என்று போனால் உன் அப்பா பொய் சொன்னவராக நிற்க வேண்டி வரும்.

சின்னச் சின்ன உரசலுக்கெல்லாம் கிளைம் போடாதே என்றும் சொல்கிறேன், இது கணக்குக்காக. அப்பாவுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் கிளைமே இல்லை, ஆகவே சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் நோ கிளைம் போனஸ். பத்தாயிரத்துக்கு ஐயாயிரம் கட்டுகிறார் என்று வை. கேட்டில் உரசி பம்பர் உடைந்தது, பம்பர் 4,000, பெயின்டிங் 3,000. பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், 2,000. பெயின்டிங்கில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 2,625. கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது 3,625 ரூபாய். இதற்காகப் போனஸ் பூஜ்யமாகும். அடுத்த வருஷம் 10,000, பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கிப் பழைய 5,000-க்கு வர ஆறாவது வருஷம் ஆகும். கூடுதலாகக் கட்டியது 12,500. காரின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். ‘பம்பர் டு பம்பர்’ போட்டிருந்தால் தேய்மானக் கழிவு இருக்காது, போனஸ் போவது போவதுதான். அந்த மாதிரி உரசலுக்கு டிங்கரிங் கடையில் கைக்காசு கொடுத்துவிடுவதே மேல்.

இன்னும் ஒன்று, நீங்கள் வேளச்சேரியில் இருப்பதால். மழைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதே. உள்ளே தண்ணீர் போன என்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால் சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது, ‘என்ஜின் புரொடெக்ட்’ தனியாகப் போட்டிருக்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் நனைந்த என்ஜின்களை இப்படி உயிரைவிட வைத்தவர்கள் ஏராளம். அப்படியே இறங்கி, தள்ளி ஓரம் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடு.

உன் தம்பியைப் பற்றி அக்காவிடம் தனியாகப் பேசினேன், நீயும் சொல். டியூஷனுக்கு ஸ்கூட்டர் எடுத்துப் போகிறானாம், வயது பதினைந்து. பதினாறு ஆனாலும் 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்குத்தான் அனுமதி, உங்கள் ஸ்கூட்டரோ 110 சி.சி. 2019 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. அவனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. அவன் யார் மேலாவது மோதிவிட்டால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்க நேர்ந்தாலும் அந்தப் பணத்தை உன் அப்பாவிடமிருந்து வசூலிக்கலாம். நடந்து போகட்டும், இல்லையென்றால் நீ கொண்டுபோய் விடு.

பாலிசியின் முதல் இரண்டு பக்கங்களையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கார் வாங்கியபோது மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டது தேர்டு பார்ட்டி மட்டும்தான். சொந்தச் சேதத்துக்கு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இரண்டின் தேதியும் பார்த்துச் சொல்கிறேன். தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அப்பாவை என்னோடு பேசச் சொல், உன் பெயரை எந்த இடத்தில் எழுதச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
சித்தி