பழி உப்புக் காற்றின் மேல், பிழை ஸ்லாட்டில்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கம்ப்யூட்டரில் எது நின்றாலும் முதல் பழி உப்புக் காற்றின் மேல்தான் விழும். அதில் நியாயமும் உண்டு. கடல் ஈரம் ஒரு பக்கம், மணலி, எண்ணூர் ஆலைகளின் கந்தகப் புகை மறுபக்கம். இரண்டும் செம்பை அரிப்பவை. செம்புத் தகட்டில் மாதத்துக்கு எவ்வளவு அரிப்பு படிகிறது என்று பார்த்து, மின்னணுக் கருவிகள் உள்ள அறையின் காற்றைத் தரம் பிரிக்க ஐஎஸ்ஏ 71.04 என்றொரு தரநிலையே இருக்கிறது. ஆனாலும் புதிதாக வாங்கிய என்விஎம்இ டிரைவ் மதர்போர்டில் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காற்று காரணமில்லை என்பதே என் முடிவு. கோளாறு நடந்துகொள்ளும் விதமே அதைச் சொல்லிவிடும். அரிப்பு விட்டுவிட்டு வரும்: இன்று தெரியும், நாளை தெரியாது, மழைக்காலத்தில் தொல்லை கூடும். பொருத்தமின்மையோ மாட்டிய நாளிலிருந்தே ஒரே மாதிரி இருக்கும்.

‘டிரைவின் பின்களை ரப்பர் போட்டுத் தேய்த்ததும் வேலை செய்ததே’ என்பார்கள். கழற்றி மறுபடி அழுத்தி மாட்டியதாலேயே அது சரியாகியிருக்கலாம். ரப்பர் பின்களின் மெல்லிய தங்கப் பூச்சை உரசி எடுத்துவிடும். அடியிலுள்ள உலோகம் வெளியே தெரிந்தால் இந்த ஊர்க் காற்று அதை விட்டுவைக்காது. துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

டிரைவைக் கையில் எடுத்து அதன் பின்களின் வரிசையைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா வகை. இரண்டு வெட்டு உள்ளது என்விஎம்இக்கு மட்டுமான ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், திருகும் பொருந்தும், ஆனால் பயாஸில் பெயர் வராது. உட்கார்ந்துவிட்டது என்பது பொருந்திவிட்டது என்பதற்குச் சாட்சியாகாது. ரிச்சி தெருவில் பணம் கொடுக்கும் முன்பே போர்டின் மேனுவலில் எம்.2 பக்கத்தைப் படித்துவிட வேண்டும். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று செத்துவிட்டதாகப் பதறுவது அதனால்தான். பி560 போர்டில் பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள எம்.2 ஸ்லாட், 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் இருந்தால்தான் உயிர் பெறும். 10ஆம் தலைமுறை இருந்தால் டிரைவை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினால் போதும், அதைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

‘எம்.2 ஸ்லாட்டே இல்லாத எச்61 போர்டுக்கு அடாப்டர் இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். கப்பல் ஏஜென்சி, கிளியரிங் அலுவலகங்களில் டேலியும் சுங்கப் பதிவும் இன்னும் அந்த மாதிரிப் பெட்டிகளில் ஓடுகின்றன. எச்61, என்விஎம்இயின் முதல் வரையறை, இரண்டுமே 2011இல் வந்தவை; அதனால் அந்த பயாஸுக்குப் பொதுவாக என்விஎம்இயிலிருந்து பூட் செய்யத் தெரியாது. டேட்டா டிரைவாக மட்டும் வைத்தால் விண்டோஸ் 10 அதை ஏற்கும். அதிலும் சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டில் மாட்டினால் பிசிஐஇ 2.0 வேகம் நொடிக்கு 500 எம்பியைத் தாண்டாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத நீள ஸ்லாட்டில் மாட்டினால் வேகம் கூடும். பூட் சிக்கல் அப்படியேதான் இருக்கும். பயாஸ் ஃபைலை மாற்றி எழுதி ஏற்றுகிற கைவேலையும் உண்டு, ஆனால் தவறினால் போர்டே போய்விடும். மறுநாள் காலை பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டிய கம்ப்யூட்டரில் அந்தச் சோதனை வேண்டாம். இந்தப் பெட்டிகளுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் சரி. ஹார்டு டிஸ்க்கிலிருந்து அதற்கு மாறும்போது கிடைக்கும் வேகம் கண்ணில் தெரியும். அதற்கு மேல் என்விஎம்இ தருவது டேலியில் அவ்வளவாகத் தெரியாது.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லையே என்பது நியாயமான கேள்வி. நல்ல ஸ்லாட் உள்ள போர்டு என்றால் என்விஎம்இயையே வாங்குங்கள். அப்படி வாங்கிய பிறகும் பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து பூட் ஆகவில்லை என்றால், அது எம்பிஆர் முறையில் இருந்திருக்கும். என்விஎம்இயிலிருந்து விண்டோஸ் பூட் ஆக யுஇஎஃப்ஐயும் ஜிபிடியும் வேண்டும். விண்டோஸ் 10இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும், ஆனாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். பயாஸில் டிரைவ் தெரிந்து, விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் திரையில் மட்டும் தெரியாவிட்டால், 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான இன்டெல் லேப்டாப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது விஎம்டி என்ற செட்டிங். புதிதாக இன்ஸ்டால் செய்வதாக இருந்தால் அதை அணைக்கலாம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் மெஷினில் அணைத்தால் அது பூட் ஆகாமல் போகலாம், அங்கே இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக் கொடுப்பதுதான் வழி.