திசைமாறும் மின்புலம்

நுழையும்முன்

நீளத்தால் வேறுபடும் டி.என்.ஏ. மூலக்கூறுகளை வரிசைப்படுத்துவது மூலக்கூற்று உயிரியலின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. சிறிய துண்டுகளுக்கு இது எளிது. ஒரு முழுக் குரோமோசோம் அளவுக்கு நீண்டவற்றை 1980களின் தொடக்கம்வரை எவராலும் இவ்வாறு பிரித்துக் காட்ட இயலவில்லை. மின்புலத்தின் திசையை மாற்றிப் பார்த்த ஓர் எண்ணம் அத்தடையை நீக்கிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

நோன்புக் காலத்தில் வீடுகளில் கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்து இனிப்புக் கட்டிகள் செய்வர். அக்கடற்பாசி தரும் அகாரைத் தூய்மைப்படுத்திப் பெறும் அகரோஸ்தான் ஆய்வகத்திலும் பயன்படுகிறது. அகரோஸ் தூளைத் தாங்கல் கரைசலில் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றினால், ஆறியபின் அது ஒரு பலகைபோல் உறையும். இதனை இழுமம் என்பர். தொட்டால் வழுக்கும் இப்பலகையின் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன.

டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் உடையது. இழுமத்தின் ஒரு முனையில் சிறு குழி அமைத்து, அதில் டி.என்.ஏ. கரைசலை இட்டு மின்சாரம் செலுத்தினால் மூலக்கூறுகள் நேர்மின்வாயை நோக்கி நகரும். வெறும் கரைசலில் சிறியனவும் பெரியனவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் செல்லும். ஏனெனில் நீளம் கூடக் கூட மின்னூட்டமும் கூடுகிறது, தடையும் கூடுகிறது. அவற்றுள் வேறுபாட்டை உண்டாக்குவது இழுமத்தின் வலையே. சிறியவை துளைகளின் ஊடே விரைந்து செல்ல, பெரியவை பின்தங்கும். இதுவே இழும மின்னாற்பிரிப்பு.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. சுமார் 50,000 கார இணைகளைக் கடந்த மூலக்கூறுகள் அனைத்தும் ஒன்றாகவே பயணம் செய்து, ஒரே தடித்த பட்டையாகத் தேங்கிவிடும். காரணம் வியப்பானது. நீண்ட மூலக்கூறு துளையைவிடப் பெரியது. சுருண்ட நிலையில் அதனால் உள்ளே நுழைய முடியாது. எனவே அது மின்புலத்தின் திசையில் நீண்டு, தலையை முன்னிட்டு, புற்றுக்குள் புகும் பாம்புபோல் ஊர்ந்து செல்கிறது. அவ்வாறு ஊரத் தொடங்கியபின் பாம்பின் நீளம் வேகத்தைப் பாதிப்பதில்லை. ஒரு லட்சமும் பத்து லட்சமும் அங்கே சமம். ஈஸ்ட்டின் மிகச் சிறிய குரோமோசோமே சுமார் 2.3 லட்சம் கார இணைகள் கொண்டது என்பதை எண்ணினால், இந்த எல்லை எவ்வளவு பெரிய தடையாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் ஷ்வார்ட்ஸ், சார்லஸ் கேன்டர் ஆகிய இருவரும் இத்தடையை வேறொரு கோணத்திலிருந்து அணுகினர். நேராக ஓடும்போது வேறுபாடு தெரியவில்லை, திரும்பும்போது தெரியுமா?

தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இக்கேள்வியின் நுட்பம் உடனே புரியும். நேர்வீதியில் பெரிய தேரும் சிறிய தேரும் ஒரே வேகத்தில் செல்லலாம். வீதிமுனையில் சிறிய தேர் நொடியில் திரும்பிவிடும். பெரிய தேரோ முட்டுக்கட்டை இட்டு, வடத்தை மாற்றிப் பிடித்து, மெல்ல மெல்லத் திரும்ப வேண்டும். முனைகளே நிறைந்த ஓர் ஊரில் இவ்விரண்டையும் ஓடவிட்டால், மாலைக்குள் இரண்டும் வெவ்வேறு தொலைவில் நிற்கும்.

இருவரும் இழுமத்தினுள் அப்படி ஓர் ஊரையே உண்டாக்கினர். மின்புலத்தைச் சிறிது நேரம் ஒரு திசையிலும், பின்னர் அதனின்று விலகிய மற்றொரு திசையிலும் மாற்றி மாற்றிச் செலுத்தினர். ஒவ்வொரு முறையும் மூலக்கூறு தன் நீட்சியைத் தளர்த்திப் புதிய திசைக்குத் திரும்பியாக வேண்டும். குறுகியவை விரைவில் திரும்பி, எஞ்சிய நேரம் முழுவதும் முன்னேறும். நீண்டவை திரும்புவதிலேயே காலத்தைச் செலவிடும். திரும்பி முடிக்கும் முன்பே திசை மாறிவிட்டால் அவற்றுக்கு முன்னேற்றமே இல்லை. நிகர விளைவாக அனைத்தும் இரு திசைகளுக்கு இடைப்பட்ட நேர்வழியில், நீளத்திற்கேற்ற வேறுபட்ட வேகங்களில் நகர்ந்தன. 1984ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையில் ஈஸ்ட் குரோமோசோம்களின் டி.என்.ஏ.க்கள் தனித்தனிப் பட்டைகளாகக் காட்சியளித்தன. இம்முறை துடிப்புப்புல இழும மின்னாற்பிரிப்பு எனப் பெயர்பெற்றது.

எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை திசையை மாற்றுவது என்பதில்தான் இதன் திறமை அடங்கியுள்ளது. ஈஸ்ட் குரோமோசோம்களுக்கு ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் பொருந்தும். ஓட்டம் ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும். பல பத்து லட்சம் கார இணைகள் கொண்டவற்றுக்கு அரைமணி நேர இடைவெளியும், குறைந்த மின்னழுத்தமும், மூன்று நாள் பொறுமையும் வேண்டும். ஒரு கோடி கார இணைகளை நெருங்கும் மூலக்கூறுகள்வரை இம்முறையால் பிரிக்கலாம்.

ஆனால், பிரிப்பதற்கு முன்பே மூலக்கூறு உடைந்துவிட்டால் என்ன பயன்? நீண்ட டி.என்.ஏ. மிக மென்மையானது. நுண்குழாயில் ஒருமுறை உறிஞ்சி வெளியேற்றினாலே அது துண்டுதுண்டாகிவிடும். என் கருத்தில், மின்புல உத்திக்குச் சற்றும் குறையாத அழகு இச்சிக்கலின் தீர்வில் இருக்கிறது. டி.என்.ஏ.வைச் செல்லிலிருந்து வெளியே எடுப்பதற்கு மாறாக, செல்லையே இழுமத்திற்குள் வைத்தனர். உயிருள்ள செல்களை இளஞ்சூடான அகரோஸ் கரைசலில் கலந்து சிறு அச்சுகளில் ஊற்றி உறையவைப்பர். பின்னர் அக்கட்டியை நொதிகளும் சலவைப்பொருளும் கலந்த கரைசலில் ஊறவைத்தால், செல்சுவரும் சவ்வும் புரதங்களும் கரைந்து வெளியேறும். டி.என்.ஏ. மட்டும் செல் இருந்த குழிவிலேயே கலையாமல் தங்கும். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் செயல்பட மெக்னீசியம் தேவை; அதனைப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்னும் பொருளையும் கரைசலில் சேர்ப்பர். இறுதியில் கட்டியின் ஒரு சீவலை அப்படியே இழுமக் குழியில் பொருத்துவர். மூலக்கூறு எந்தக் கைக்கும் குழாய்க்கும் ஆட்படாமல் தன் பயணத்தைத் தொடங்கும்.

தொடக்ககாலக் கருவிகளில் மின்புலம் எங்கும் சீராக இல்லாததால் பட்டைகள் வளைந்து ஓடின. அருகருகே உள்ள தடங்களை ஒப்பிடுவது கடினமாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் சூ, டக்ளஸ் வோல்ராத், ரொனால்டு டேவிஸ் ஆகியோர் 1986ஆம் ஆண்டு இழுமத்தைச் சுற்றி அறுகோண வடிவில் 24 மின்முனைகளை அமைத்துச் சீரான மின்புலத்தை உண்டாக்கினர். திசைகளுக்கு இடையேயான கோணம் 120 பாகை. தடங்கள் நேராயின.

தெரியுமா?
மின்புலத்தை முற்றிலும் எதிர்த்திசைக்குத் திருப்பியும் நீண்ட டி.என்.ஏ.வைப் பிரிக்கலாம். முன்னோக்கிச் செல்லும் நேரம் பின்னோக்கிச் செல்லும் நேரத்தைவிட மிகுதியாக இருந்தால் போதும். ஆனால் இம்முறையில் சிலவேளை நீண்ட மூலக்கூறு குறுகியதை முந்திவிடும்!

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நன்கு வேகாத மாட்டிறைச்சி உணவால் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். ஈ.கோலை பாக்டீரியத்தின் கொடிய வகை ஒன்றே காரணம். நோயாளிகளிடம் கண்ட பாக்டீரியமும் இறைச்சியில் கண்டதும் ஒன்றுதானா என்பதை உறுதிசெய்ய இம்முறை உதவியது. பாக்டீரியத்தின் டி.என்.ஏ.வை அரிதாகவே வெட்டும் நொதியால் இருபது அளவிலான பெரிய துண்டுகளாக்கிப் பிரித்தால், பட்டைகளின் வரிசை ஒரு கைரேகைபோல் அமையும். இரு ரேகைகளும் பொருந்தின. இவ்வனுபவத்தின் பயனாக 1996இல் பல்ஸ்நெட் என்னும் ஆய்வக வலையமைப்பு உருவாயிற்று. வெவ்வேறு ஊர்களில் ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்த நோயாளிகள் ஒரே உணவால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதை அதன் ஆய்வகங்கள் பட்டைகளை ஒப்பிட்டே கண்டுபிடித்தன.

2019இல் பல்ஸ்நெட் இம்முறையைக் கைவிட்டு, பாக்டீரியத்தின் முழு மரபுத்தொகையையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறைக்கு மாறியது. எனினும், நீண்ட மூலக்கூறுகளைப் படிக்கும் புதிய பொறிகளில் டி.என்.ஏ.வை இடுவதற்கு முன், அது உடையாமல் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு ஆய்வகங்கள் திசைமாறும் மின்புலத்தை இன்றும் பயன்படுத்துகின்றன.