சைக்கிள் உழைப்பாளியின் வாகனமான வரலாறு

பால்காரரும் தபால்காரரும் காய்கறி வியாபாரியும் ஏறிச்செல்லும் சைக்கிள், ஒருவர் மனத்தில் ஒரே நாளில் உதித்த பொருளன்று. ஒவ்வொரு குறையாகக் கண்டு, சுமார் எழுபது வருஷங்களில் பலர் திருத்தியதன் பயனே அது.

1817-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கர மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தியே செல்லவேண்டும். ஆயினும், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சக்கரங்களின்மீது மனிதன் விழாமல் செல்லக்கூடும் என்பது அதனால் விளங்கிற்று.

1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகட்டைகள் பொருத்தப்பட்டன. ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒருமுறையே சுழலும். ஆகவே, வேகம் வேண்டி முன்சக்கரத்தை மேலும் மேலும் பெரிதாக்கினர். 1870-களில் அது ஆளின் மார்பளவு உயர்ந்தது. வழியில் கல் தடுத்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். இதனால் அவ்வண்டி துணிவுள்ள வாலிபர்களின் விளையாட்டுப் பொருளாயிருந்ததேயன்றி, உழைப்பாளிக்கு உதவவில்லை.

1885-ல் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறையச் சம அளவான சக்கரங்களை அமைத்து, மிதிக்கும் விசையைச் சங்கிலி மூலம் பின்சக்கரத்துக்குச் செலுத்தினார். உதாரணமாக, முன் பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னதில் 16 பற்களும் இருந்தால், மிதிகட்டை ஒருமுறை சுற்றுகையில் பின்சக்கரம் மும்முறை சுழலும். சக்கரத்தின் குறுக்களவு 28 அங்குலமாயின், வண்டி சுமார் 22 அடி முன்னேறும். பெரிய சக்கரம் அவசியமில்லாமற் போயிற்று.

1888-ல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காதிருக்கக் காற்றடைத்த ரப்பர் குழாயைப் பொருத்தினார். கரடுமுரடான பாதையிலும் சைக்கிள் செல்வது இதனால் எளிதாயிற்று.

நம் நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகக் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டக் கற்றனர். குடிநீர் கொணரவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் பிறரை எதிர்பார்க்கும் நிலை அவர்களுக்குக் குறைந்தது.

சங்கக் கடன் பெற்றுச் சைக்கிள் வாங்க விரும்பும் அங்கத்தினர், அதனால் மிச்சமாகும் வண்டிக் கூலியையும் நேரத்தையும் தவணைத் தொகையோடு முதலில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வாங்கிய பின்னர்ச் சங்கிலிக்கு எண்ணெயும் சக்கரங்களுக்குப் போதிய காற்றும் இட்டு வருவது அவசியம். இவ்விரண்டினாலேயே விளையாட்டுப் பொருள் உழைக்கும் வாகனமாயிற்று. இவற்றைக் கவனியாதவருக்கு அது மீண்டும் சுமையாகிவிடும்.