தடவிவிட்டால் சரியாகாத மூச்சுப்பிடிப்பு

இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே திடீரென்று கிழிப்பதுபோல ஒரு வலி. வீட்டுக்காரருக்கு வந்தால் உடனே ஆட்டோ கூப்பிடுவார்கள். வீட்டம்மாவுக்கு வந்தால், "வாயுவாத்தான் இருக்கும்" என்று ஓமத்திரவம் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் "மூச்சுப் பிடிச்சிருக்கு, எண்ணெய் போட்டுத் தடவினா சரியாயிரும்" என்பார்கள். வர்மம் என்ற பாரம்பரிய மருத்துவம் தெரிந்த ஆசான்கள் வாழும் குமரி மாவட்டம் இது. தசைப்பிடிப்பைத் தடவி எடுப்பதில் அவர்கள் கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் பெருந்தமனி கிழிந்திருந்தால் தடவலில் போகும் ஒரு மணி நேரம்கூட உயிரின் கணக்கில்தான் கழியும்.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய்தான் பெருந்தமனி. அதன் உட்சுவர் கிழிந்தால், ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளந்துகொண்டே போகும். மிகப் பெரும்பாலும் காரணம் கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம். இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியில் கிழிந்தால் உடனே அறுவை வேண்டும். இல்லையென்றால், தொடக்க மணி நேரங்களில் மணிக்கு நூற்றில் ஒருவர், இருவர் என்று உயிர் போகும்.

"அது ஆம்பளைங்களுக்கு வாற நோயில்லா?" என்பது நம் ஊர் நம்பிக்கை. இதில் பாதி உண்மை உண்டு. 1996-இல் தொடங்கிய பன்னாட்டுப் பதிவேடு, பெருந்தமனி கிழிந்தவர்களின் விவரங்களைப் பல நாட்டு மருத்துவமனைகளிலிருந்து திரட்டுகிறது. 2004-இல் அதில் 1,078 பேரை ஆராய்ந்தபோது பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒருவர் என்பது கணக்கில் எடுக்காமல் விடக்கூடிய எண்ணிக்கை அல்ல. அந்தப் பெண்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். இளம்பெண்களுக்கும் விலக்கு இல்லை. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு 1908-இல் விவரித்த, பெருந்தமனியையும் தாக்கும் தமனி அழற்சி, ஆசியாவில் நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. அந்த நோயில் கையில் நாடி கிடைக்காமல் போகலாம். ஒரு கையில் பிரஷர் ஒன்று, மறு கையில் வேறொன்று காட்டலாம். மார்ஃபான் போன்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் பிரசவத்தை அடுத்த வாரங்களும் ஆபத்தான காலம்.

இரண்டாவது நம்பிக்கை இன்னும் கொடியது: "பொம்பளை உடம்பு இந்த ஆபரேஷனைத் தாங்காது." இதைச் சொல்லியே கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். எண்களை மறைக்க வேண்டியதில்லை. அந்த 2004 ஆய்வில் அறுவைக்குப் பின் இறந்தவர்கள் பெண்களில் 32 சதவீதம், ஆண்களில் 22. கனடாவில் 2002 முதல் 2017 வரை பெருந்தமனி வளைவில் அறுவை செய்துகொண்ட 1,653 பேரில் பெண்களின் இறப்பு 11 சதவீதம், ஆண்களுடையது 7.4; பக்கவாதம் 8.8-க்கு 5.5. வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால்தான் விஷயம் புரியும். பெண்கள் வயது கூடியபின் வருகிறார்கள். வலி தொடங்கி வெகுநேரம் கழித்து வருகிறார்கள். பலருக்கு வலி வழக்கமான வடிவில் இல்லாமல் மயக்கமோ புத்தித் தடுமாற்றமோ முந்திக்கொள்கிறது; அதனால் ஆஸ்பத்திரிக்குள்ளும் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. அறுவை மேசைக்கு வரும்போதே ரத்த அழுத்தம் சரிந்துபோயிருக்கும். மெல்லிய குழாய், நைந்த சுவர் என்று உடல் சார்ந்த காரணங்களும் உண்டு. கனடா ஆய்வு வயதையும் பிற நோய்களையும் கழித்துப் பார்த்தபோதும் இடைவெளி முழுதாக மறையவில்லை. ஆனால் அதே பன்னாட்டுப் பதிவேட்டை 2018 வரை நீட்டிப் பார்த்து 2022-இல் வந்த ஆய்வில் மொத்த இறப்பு பெண்களுக்கு 16.7, ஆண்களுக்கு 13.8 என்று இறங்கியிருந்தது. கடைசிப் பத்தாண்டை மட்டும் எடுத்தால், பிற காரணங்களைக் கழித்தபின், பெண் என்பதற்காகக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. இருபது ஆண்டில் பெண்ணின் உடல் மாறிவிடாது. சிகிச்சைதான் மாறியது. அப்படியிருக்க, தாங்காது என்று சொல்லி ஒரு தாயைத் திருப்பி அழைத்து வருவது அவளுக்கு இழைக்கும் அநியாயம்.

"5.5 சென்டிமீட்டர் ஆகலை, பயப்படாண்டாம்" என்பது ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லப்படுவது. கிழியும் முன்பே, வீங்கிய பெருந்தமனிக்கு அறுவை செய்ய நெடுங்காலம் பார்த்துவந்த அளவு அது. 2022-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல், குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பை (சதுர சென்டிமீட்டர்) ஆளின் உயரத்தால் (மீட்டர்) வகுத்து, விடை 10-ஐத் தொட்டாலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. போட்டுப் பாருங்கள்: 180 செ.மீ. உயர ஆணுக்கு 4.8 செ.மீ. விட்டத்தில் வரும் விடை, 150 செ.மீ. உயரமுள்ள நம் ஊர்ப் பெண்ணுக்கு 4.4-லேயே வந்துவிடும். வயிற்றுப் பெருந்தமனியிலும் இப்படித்தான்; ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5.0 என்று வழிகாட்டுதல்களே பிரித்துச் சொல்கின்றன. காரணம், பெண்களுக்குக் குறைந்த விட்டத்திலேயே அது வெடிக்கிறது. உங்கள் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

"ஈ.சி.ஜி. நார்மல், வீட்டுக்குப் போலாம்" என்பதையும் நம்பிவிடக் கூடாது. பெருந்தமனி கிழிந்தவர்கள் பலருக்கு ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாது. மாரடைப்பு என்று தவறாக நினைத்து ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து ஏற்றினால் கதையே முடிந்துவிடும். கிழிக்கும் வலி, இரண்டு கைகளிலும் மாறுபடும் பிரஷர், ஒரு காலில் திடீர் மரமரப்பு, இவற்றில் எது இருந்தாலும் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஸ்ரீசித்ரா மாதிரியான பெரிய இதய மருத்துவமனைகள் அங்கே இருப்பதால், பலர் நோயாளியைக் காரில் படுக்கவைத்து மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக நேரே கிளம்பிவிடுகிறார்கள். முதலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள மருத்துவமனையிலோ பிரஷரையும் இதயத் துடிப்பையும் மருந்தால் இறக்கவேண்டும். அறுவை செய்ய ஆள் தயாராக இருக்கும் இடம் எது என்று டாக்டரே போனில் உறுதிசெய்தபின் 108 ஆம்புலன்ஸில் போவதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெருந்தமனி வீங்கியோ கிழிந்தோ போனால், பிள்ளைகளுக்கும் எக்கோ பார்க்க வேண்டும் என்பார்கள். அப்போது மகனைத்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மார்ஃபான் கோளாறு இருந்தால், அது மகனுக்கு வர எவ்வளவு வாய்ப்போ மகளுக்கும் அவ்வளவே, சரிபாதி. கட்டிக்கொடுத்த மகள் அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும் முன்பே அவளையும் வரச்சொல்லி எக்கோ எடுத்துவிடுங்கள்.