முஹம்மத் அலியின் கையொப்பம்: அசலா, போலியா, பெறுமதி என்ன?

கையொப்பம் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குவது நம்மில் பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மேலைநாடுகளில் விளையாட்டு நினைவுப் பொருட்கள் பெரும் வர்த்தகமாகும். 1964இல் சொனி லிஸ்டனை வென்று முஹம்மத் அலி உலக சம்பியனான போட்டியில் அணிந்திருந்த கையுறைகள், 2014இல் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் மூலம் 836,500 டொலருக்கு விற்பனையாகின. இதைக் கேள்விப்பட்ட சிலர், அலியின் கையொப்பமுள்ள படமொன்றை வாங்கி வைத்தால் இலாபமா என என்னிடம் கேட்கின்றனர். இவ்வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலியின் கையொப்பம் அரிதான பொருளல்ல. அவர் தாராளமாகக் கையொப்பமிட்டவர். இஸ்லாத்தை அறிமுகப்படுத்தும் துண்டுப் பிரசுரங்களில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைத்து, தன்னைச் சந்திப்போருக்கு இலவசமாகவே வழங்கினார். கையொப்பத்துக்காகவாவது அப்பிரசுரத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் அல்லவா? ஆகவே பெயர் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. பின்வரும் விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. எக்காலத்துக் கையொப்பம்?

1942இல் பிறந்த அவரது இயற்பெயர் கெஸியஸ் கிளே. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் அப்பெயரில்தான். 1964 மார்ச்சில் முஹம்மத் அலி என்ற பெயரை ஏற்றார். எனவே 'கெஸியஸ் கிளே' எனக் கையொப்பமிட்ட காலம் குறுகியது. அத்தகையவை அரியவை, விலை கூடியவை. ஆனால் பிற்காலத்திலும் சேகரிப்போரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் பழைய பெயரை எழுதிக் கொடுத்ததுண்டு. இங்கே பேனை நமக்கு உதவும். இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஷார்ப்பி மார்க்கர் 1964இல்தான் சந்தைக்கு வந்தது. அந்த மையில் கிளேயின் பெயர் இருந்தால் அது 1960ஆம் ஆண்டுக் கையொப்பமாக இருக்க முடியாது. அசலாகவே இருக்கலாம், ஆனால் விலை வேறு. சூடேற்றிய மாணிக்கமும் சூடேற்றாத மாணிக்கமும் இரண்டும் அசல்தான், விலை ஒன்றல்லவே!

2. கை என்ன சொல்கிறது?

போலி எழுதுபவன் பார்த்து மெதுவாக எழுதுவான். கோடு தயங்கும், நடுங்கும், எழுத்தின் முனைகள் மொட்டையாக நிற்கும். சாதாரணமாக நடுக்கம் கண்டால் சந்தேகிப்போம். ஆனால் 1984இல் அலிக்குப் பார்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் எழுத்து சிறுத்தது, நெருங்கியது, நடுங்கியது. ஆகவே அலியைப் பொறுத்தவரை நடுக்கம் மட்டும் போலிக்கு அடையாளமல்ல. காலத்துடன் பொருந்துகிறதா என்பதே கேள்வி. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை அவர் ஏற்றும் படத்தில், 1960களின் விரிந்த, வேகமான கையொப்பம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மைக்குப் பதிலாகச் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு.

3. எவ்வழியாக வந்தது?

மேற்சொன்ன கையுறைகள் அலியின் பயிற்சியாளர் எஞ்சலோ டண்டீ பாதுகாத்து வைத்திருந்தவை. கைமாறிய வரலாறு தெளிவாக இருந்ததால் வாங்குபவர் நம்பினார். கையொப்பத்துக்கும் இதே நியதிதான். எங்கே, எந்த ஆண்டு, யார் பெற்றது? அன்றெடுத்த புகைப்படமோ கடிதமோ இருக்கிறதா?

4. சான்றிதழை நம்பலாமா?

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. 'ஒபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணையில், வீரர்களின் கையொப்பங்களைப் போலியாக எழுதி, கூடவே போலிச் சான்றிதழும் கொடுத்து விற்ற கும்பல் பிடிபட்டது. ஆகவே விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வெறும் கடதாசிதான். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற தனி நிறுவனங்களின் இலக்கத்தை அவர்களது இணையத்தளத்தில் நீங்களே சரிபாருங்கள். ஒட்டியுள்ள ஸ்டிக்கரையும் போலியாகச் செய்ய முடியும் என்பதை மறவாதீர்கள்.

5. பெறுமதி

பிரசுரங்கள் கீழ்ப்படி. அதற்கு மேல் புகைப்படங்கள், கையொப்பமிட்ட கையுறைகள். ஒப்பந்தங்கள், போட்டியில் அணிந்த பொருட்கள் உச்சப்படி. 'இன்னாருக்கு' எனப் பெயர் எழுதப்பட்டிருந்தால் விலை பொதுவாகக் குறையும். வெயிலில் மங்கிய மையும் விலையைக் குறைக்கும். 2016 ஜூன் 3ஆம் திகதி அலி காலமானார். இனிப் புதிய கையொப்பம் வராது. ஆனாலும் உலகில் இருப்பவை ஏராளம். எனவே சாதாரணப் படமொன்றை வாங்கி விரைவில் பெரும் இலாபம் காணலாம் என எண்ணிச் சேமிப்பை முடக்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஏற்கனவே வீட்டில் ஒன்று இருந்தால், அதை லெமினேட் செய்யாதீர்கள். மங்கிய எழுத்தின் மீது மீண்டும் எழுதாதீர்கள். அதைப் பெற்ற பெரியவர் உயிருடன் இருக்கும்போதே எங்கே, எப்போது, எவ்வாறு கிடைத்தது என எழுதித் திகதியிட்டு வாங்கி, பொருளுடன் சேர்த்து வையுங்கள். நாளை பிள்ளைகள் விற்கச் சென்றால் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.