காரைச் சுமக்கும் டிராலி

பெங்களூரில் ஒரு சிறிய பட்டறை. பழைய கார்களுக்கு டிங்கர் வேலை செய்யும் பட்டறை அது. மேஸ்திரிக்கு வயது 58. இளவயதில் சேலத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவருடைய உதவியாளரை எல்லோரும் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். தம்பிக்கு வயது 34. சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. இரண்டு ஆண்டுகளாக மாலை நேர எழுத்தறிவு மையத்துக்குப் போகிறார். இப்போது அவர் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறார். கணக்கும் போடுகிறார்.

ஒருநாள் பட்டறைக்கு ஒரு பழைய அம்பாசிடர் கார் வந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தரப்பாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட கார் அது. எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றியாகிவிட்டது. பெட்ரோல் டாங்கையும் கழற்றி வெளியே வைத்தாகிவிட்டது. இனி வெறும் பாடியை உள்ளே கொண்டுபோக வேண்டும்.

"ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிடலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

தம்பி தன் வலது காலைப் பார்த்துக்கொண்டார். சென்ற ஆண்டு வேறொரு பட்டறையில் அப்படித்தான் தூக்கினார்கள். எட்டுப் பேர் தூக்கினார்கள். ஒருவருக்குக் கை நழுவியது. பாடி தம்பியின் காலில் விழுந்தது. எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலை இல்லை. கூலி இல்லை. மனைவியின் தோடு அடகுக்குப் போனது.

"தூக்க வேண்டாம் அண்ணே. சக்கரம் வைத்து ஒரு டிராலி செய்வோம்" என்றார் தம்பி.

மேஸ்திரி ஒப்புக்கொண்டார்.

அளவு எடுத்தல்

"பாடியை எங்கே தாங்க வேண்டும், தெரியுமா?" என்று மேஸ்திரி கேட்டார்.

தம்பி யோசித்தார். "முன்பு சக்கரத்தின் பாரத்தைத் தாங்கிய இடத்தில் அண்ணே. அதுதானே பலமான இடம்?"

"சரியாகச் சொன்னாய். வெறும் தகரத்தில் தாங்கினால் உள்ளே அமுங்கிவிடும்."

இருவரும் டேப் பிடித்து அளந்தார்கள். நீளம் 2400 மில்லிமீட்டர். அகலம் 1000 மில்லிமீட்டர். தம்பி நோட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு காருக்கும் இந்த அளவு மாறும். அளக்காமல் வெட்டக் கூடாது.

50 மில்லிமீட்டர் சதுர இரும்புப் பைப் இரண்டு வாங்கினார்கள். பைப்பின் தகடு 3 மில்லிமீட்டர் கனம். ஒரு பைப்பின் நீளம் 6 மீட்டர்.

நீளத்துக்கு 2400 அளவில் இரண்டு துண்டுகள் வெட்டினார்கள். குறுக்குச் சட்டத்துக்குத் தம்பி 1000 என்று குறி போட்டார். மேஸ்திரி தடுத்தார்.

"பொறு தம்பி! குறுக்குச் சட்டம் இரண்டு பைப்புக்கும் நடுவில் அல்லவா உட்காரும்? இரண்டு பக்கமும் பைப்பின் கனத்தைக் கழிக்க வேண்டாமா?"

தம்பி கணக்குப் போட்டார். 50-ம் 50-ம் 100. ஆயிரத்தில் 100 போனால் 900. குறுக்குச் சட்டம் 900 அளவில் மூன்று துண்டுகள் வெட்டினார்கள். நான்கு மூலைக்கும் நிற்கும் கால்கள் 300 அளவில் நான்கு. கால் சாயாமல் இருக்கச் சாய்வுத் தாங்கல் 350 அளவில் எட்டு.

சதுரம் பார்த்தல்

சட்டத்தைத் தரையில் அடுக்கினார்கள். முதலில் சின்னச் சின்னப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்தார்கள். பிறகு மூலைக்கு மூலை அளந்தார்கள். ஒரு பக்கம் 2606. மறுபக்கம் 2594. சட்டம் கோணியிருந்தது. நீளமாக இருந்த மூலையைச் சுத்தியால் மெல்லத் தட்டினார்கள். இரண்டு அளவும் 2600 ஆனது. அதன் பிறகே முழு வெல்டிங் வைத்தார்கள்.

வெல்டிங் செய்யும்போது முகத்துக்கு மறைப்பும் கைக்குத் தோல் உறையும் வேண்டும். பைப் வெட்டும்போது கண்ணாடி வேண்டும். துத்தநாகம் பூசிய பைப்பில் வெல்டிங் வைத்தால் வரும் புகை உடம்புக்குக் கெடுதல். பூச்சு இல்லாத கறுப்புப் பைப் நல்லது.

சக்கரம் வாங்குதல்

இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நான்கு சக்கரங்களை எடுத்து வைத்தார். விலை குறைவு. மேஸ்திரி பணத்தை எடுத்தார். தம்பி சக்கரத்தைக் கையில் எடுத்து, அதில் பொறித்திருந்ததைப் படித்தார். 100 கிலோ என்று இருந்தது.

"இது போதாது அண்ணே."

"ஏன்? பாடி 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு சக்கரம், ஆளுக்கு நூறு. சரியாகத்தானே இருக்கிறது?"

"டிராலியின் எடை 50 கிலோ இருக்குமே? மொத்தம் 450. நம் பட்டறைத் தரை மேடும் பள்ளமும். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினால், பாரம் மூன்று சக்கரத்தில் விழும். 450-ஐ மூன்றால் வகுத்தால் 150."

மேஸ்திரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "200 கிலோ தாங்கும் சக்கரம் கொடுங்கள்" என்றார். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் வாங்கினார்கள். சின்னச் சக்கரம் தரை வெடிப்பில் சிக்கிக்கொள்ளும். நான்கும் எந்தப் பக்கமும் திரும்பும். இரண்டில் பிரேக் உண்டு.

மூலைகளில் 6 மில்லிமீட்டர் தகடு பற்றவைத்து, சக்கரங்களை போல்ட் போட்டு முடுக்கினார்கள். சக்கரத்தை நேராக வெல்டிங் வைத்தால் சூட்டில் கெட்டுப்போகும். பழுதானால் மாற்றவும் முடியாது.

பாடியை ஏற்றுதல்

துருப்பிடித்த பாடி கதவைக் கழற்றினால் தொய்ந்துவிடும். அதனால் முதலில் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி பற்றவைத்தார்கள். பிறகு ஜாக்கி போட்டு முன்பக்கத்தைச் சிறிது உயர்த்தினார்கள். உடனே இரும்பு ஸ்டாண்டில் தாங்கினார்கள். அடுத்து பின்பக்கம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. செங்கல்லை அடுக்கவே கூடாது. பாரத்தில் அது உடைந்துவிடும். தூக்கும்போது பாடியின் அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

டிராலியை அடியில் தள்ளிப் பிரேக் போட்டார்கள். கால்களின் மேல் ரப்பர் வைத்தார்கள். பாடியை மெல்ல இறக்கிப் போல்ட் போட்டுப் பிணைத்தார்கள்.

"எல்லோரும் தள்ளுங்கள். நில் என்றால் நிற்க வேண்டும். குரல் ஒருவர்தான் கொடுக்க வேண்டும்" என்றார் மேஸ்திரி. "தம்பி, நீ குரல் கொடு."

மூன்று பேர் மட்டும் தள்ளினார்கள். அம்பாசிடர் பாடி மெதுவாக உருண்டு உள்ளே போனது. யார் காலும் நசுங்கவில்லை.

அன்று மாலை தம்பி கொஞ்சம் முன்னதாகவே மையத்துக்குப் புறப்பட்டார். மேஸ்திரி, "நாளைக்கு உன் நோட்டைக் கொண்டு வா. அந்த வகுத்தல் கணக்கை எனக்கும் சொல்லிக் கொடு" என்றார்.

சிந்திப்போம்

1. குறுக்குச் சட்டத்தை 1000 அளவில் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. பாரத்தை நான்கால் வகுக்காமல் மூன்றால் ஏன் வகுத்தார்கள்?
3. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கையால் தூக்கும் பாரம் எது? அதற்குச் சக்கரம் வைக்க முடியுமா?

கணக்குச் செய்வோம்

பாடி 500 கிலோ. டிராலி 70 கிலோ. ஒரு சக்கரம் குறைந்தது எத்தனை கிலோ தாங்க வேண்டும்?